ஆரஞ்சுத் தோல் புகை

மார்ச் 2

அன்புள்ள மூக்கனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் சுகம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் இருக்கிறது. மழை வருவது அவர் முழங்காலுக்குத்தான் முதலில் தெரியும், வானத்துக்கு அப்புறம்தான் தெரியும். நீ எப்படி இருக்கிறாய்? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை சின்ன வயதில் செய்தமாதிரி மோந்து பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறாயா?

மழை விட்டபாடில்லை. மரங்கள் பூத்ததெல்லாம் கீழே கொட்டிவிட்டன. கொட்டகைக்குப் பின்னால் தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. அதன்மேல் கால் வைக்கவே மனசு வராமல் ஓரமாக நடக்கிறேன். தேனீக்கள் வெளியே வரமுடியாமல் பெட்டிகளுக்குள்ளேயே அடைந்து கிடக்கின்றன. நேற்று ஒரு பெட்டியில் காதை வைத்துக் கேட்டேன். நல்ல நாளில் அந்தச் சத்தம் தூரத்துச் சந்தை இரைச்சல் மாதிரி இருக்கும். நேற்று யாரோ தூக்கத்தில் முனகுவதுபோல் இருந்தது. பசி முனகல் எனக்குத் தெரியாதா? உன்னை வளர்த்தவளாயிற்றே.

சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வைத்திருக்கிறேன். உன் அத்தான் வாசலில் நின்றுகொண்டு, "தேனீக்கே சர்க்கரைத் தண்ணியா? கொல்லன் தெருவுல ஊசி விக்கிறியே" என்று சிரித்தார். சிரிக்கட்டும். பட்டினி போட்டுவிட்டு எனக்குச் சோறு இறங்காது.

ஒரு நல்ல சேதி. கூட்டுறவுக் கடையில் இந்த வருஷம் முதல் நம் தேனை நம் பெயரிலேயே வைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். இத்தனை காலம் கேனில் ஊற்றிக் கொடுத்தோம், யார் யாரோ தங்கள் பெயரை ஒட்டி விற்றார்கள். இப்போது அத்தான் லேபிள் அடித்துவிட்டார். ஒரு தேனீயின் படம், அதற்குக் கீழே என் பெயர். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரிடம் தூசி விழுந்துவிட்டது என்றேன்.

உன் ஆரஞ்சுத் தோலைத் தூக்கிப் போடாதே. காயவைத்து அனுப்பு. பெட்டியைத் திறக்குமுன் தேனீக்களை அமைதிப்படுத்தப் புகை போடவேண்டுமே, கையிருப்பு தீர்ந்துவிட்டது. எல்லாரும் வைக்கோல் புகைதான் போடுகிறார்கள். எனக்கு வைக்கோல் புகை என்றால் என் முதுகுக்குப் பின்னால் நின்று நீ இருமிய இருமல்தான் இன்னும் காதில் கேட்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே எழுது.
உன் அக்கா

•

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் மழை வாசனையோடு வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். சாப்பிடுகிறேன். மோந்துவிட்டுத்தான் சாப்பிடுகிறேன், அதை மாற்ற முடியாது. அத்தானின் முழங்காலுக்கு என் வணக்கத்தைச் சொல்.

ஆரஞ்சுத் தோல் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். ஆய்வகத்துச் சன்னலில் காயவைத்தேன். எங்கள் தலைமை அம்மா அந்தப் பக்கம் வந்து, "இது சோதனைக்கு வந்ததா, உன் சீதனத்துக்கு வந்ததா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் வேலை என்னவென்று கேட்டுக்கொண்டே இருப்பாயே, சொல்கிறேன். நீ நினைப்பதுபோல் பரபரப்பான இடமில்லை. மூன்றாம் மாடி. கண்ணாடிக் குழாய்கள், வெள்ளை வெளிச்சம், யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். எங்கோ ஒரு கடையில் அதிகாரி நுழைந்து, பண்டத்தை நன்றாகக் கலக்கச் சொல்லி, நாலு பாட்டிலில் சமமாகப் பிரிப்பார். கடைக்காரர், சாட்சி இருவரும் கையெழுத்துப் போட, நூல் சுற்றி அரக்கு வைத்து முத்திரை குத்துவார். நாலில் ஒன்று எங்களிடம் வரும். மற்றவை அதிகாரியின் அலமாரியில் தூங்கும். எங்கள் முடிவு தப்பு என்று கடைக்காரர் சொன்னால், தூங்குவதில் ஒன்றை எழுப்பி வேறு பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நாலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒன்று சொல்வதை இன்னொன்று மாற்றிச் சொல்லக்கூடாது.

கீழ்த்தளத்திலேயே உறை, நூல், அரக்கு எல்லாவற்றையும் உரித்துவிட்டு, வெறும் எண்ணோடுதான் பாட்டில் மேலே ஏறும். ஊர், பேர் எதுவும் தெரியாது. நாள் முழுக்கப் பெயரில்லாதவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன் அக்கா. சில சமயம் கனவில் நடப்பதுபோல் இருக்கும். போன வாரம் முந்நூற்றுப் பன்னிரண்டு என்னிடம் வந்தது, நல்லெண்ணெயாம், நல்லதும் இல்லை எண்ணெயும் பாதிதான். அதன் சொந்தக்காரர் எப்படி இருப்பார் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

ஒரு விதி உண்டு. பாட்டில் யாருடையது என்று தற்செயலாகத் தெரிந்துவிட்டால் அந்தக் கணமே கீழே வைத்துவிடவேண்டும். "தெரிஞ்சு சோதிச்சா தராசுக்கு மூணு தட்டு" என்பார் தலைமை அம்மா.

தேனுக்கென்று புது இயந்திரம் வந்திருக்கிறது. ஒரு சொட்டை எரித்து, அதன் கரி பூவிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று சொல்லிவிடும். கரும்பின் கரி மயிரிழை அளவு கனமாம்.

அதைப் பார்த்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. சர்க்கரைத் தண்ணீர் வைக்கும்போது பெட்டியின் மேலடுக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தானே வைத்தாய்? மேலடுக்கில் சேர்வதுதானே நமக்கு எடுக்கிற தேன். அதை மட்டும் எழுது.

அன்புடன்,
மூக்கன்

•

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ சுகந்தானே? பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. மழை நின்றதும் மரங்கள் மறுபடி பூத்தன, தேன் எடுக்கிற வேலை தலைக்குமேல் வந்துவிட்டது.

ஆரஞ்சுத் தோல் வந்தது. எல்லாப் பெட்டிக்கும் அந்தப் புகைதான் போட்டேன். இனிமேல் அனுப்பவேண்டாம், இருப்பது போதும்.

வருஷா வருஷம் உனக்கு முதல் பாட்டில் வருமே, இந்த வருஷம் அனுப்பவில்லை. பாட்டில் தட்டுப்பாடு. அப்புறம் பார்க்கலாம்.

பருவம் மாறுகிற நேரம். உனக்குச் சளி, ஜலதோஷம் ஏதாவது பிடித்திருக்கிறதா? சின்ன வயதில் இந்த மாதம் வந்தாலே மூக்கடைத்துக்கொண்டு திரிவாயே. அதை மட்டும் மறக்காமல் எழுது.

உன் அக்கா

•

ஏப்ரல் 21

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். நான் கடிதம் எழுதி நீ பார்த்திருக்கமாட்டாய், நானும் பார்த்ததில்லை. இது உன் அக்காவுக்குத் தெரியாமல் எழுதுவது. தெரிந்தால் எனக்கு ஒரு வாரம் சோறு கிடையாது.

போன வாரம் கொட்டகைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனுஷன், செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். "கடையில வைக்கிற புதுத் தேன், மாதிரி எடுக்கணும்மா" என்று சொல்லி எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தார். உன் அக்கா, "எடுங்க சார். மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்" என்றாள். அவர் சொன்னபடி கேனை நன்றாகக் கலக்கினாள். நாலு பாட்டில். பக்கத்துத் தையல்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார், போடுமுன் நோட்டீஸை மூன்று தடவை படித்தார், பார்த்தால் அவர்தான் குற்றவாளி என்று நினைத்திருப்பாய். எடுத்த தேனுக்கு உரிய விலையும் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொண்டார் இன்ஸ்பெக்டர்.

எல்லாம் முடிந்து அரக்கு உருகிக்கொண்டிருக்கும்போது, எந்த ஆய்வகத்துக்குப் போகும் என்று நான் கேட்டேன். உங்கள் ஆய்வகத்தின் பெயரைச் சொன்னார். உன் அக்காவின் முகம் சட்டென்று வாடிவிட்டது. என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் போனபிறகு, "தம்பி அங்க இருக்கான்னு சொல்லியிருந்தா வேற இடத்துக்கு அனுப்பியிருப்பாங்கல்ல?" என்றேன். "சொன்னா என் தம்பியைக் காட்டிப் பயமுறுத்துற மாதிரி இருக்காதா? அவங்கிட்ட மூச்சுவிடக்கூடாது. அவனுக்குத் தெரியாமலே போகட்டும்" என்றாள். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. லேபிள் கட்டை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைக்கிறாள்.

மாப்பிள்ளை, நான் தப்புக் காரியம் எதையும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் பாட்டில் உன் கண்ணில் பட்டால் கொஞ்சம் நல்ல கண்ணோடு பார். அவள் பெயர் முதல்முதலாக வெளியே வருகிறது. கூட்டுறவுக் கடையில் இந்த முடிவுக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

இதைக் கிழித்துப் போட்டுவிடு.
உன் அத்தான்

•

ஏப்ரல் 29

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நான் நலம். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அந்தப் பாட்டில் என் மேசைக்கு வந்துவிட்டது. எண் மட்டும்தான் இருந்தது. மூடியைத் திருகினேன். அதன்பிறகு நான் ஆய்வகத்தில் இல்லை அத்தான். வெள்ளைப் பூ வாசனை, அதற்கு அடியில் மெல்லிசாக ஆரஞ்சுத் தோல் புகை. உலகத்தில் வேறு யார் அந்தப் புகை போடுகிறார்கள்? நான் சின்னப் பையனாக அக்காவின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன், என் இருமல் நின்றுவிட்டது, அவள் திரும்பிப் பார்த்து "இப்ப சரியாயிருச்சா?" என்று கேட்கிறாள், பெட்டிக்குள்ளிருந்து தேனீக்கள் ஒவ்வொன்றாக நிதானமாக மேலே எழுகின்றன. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. எதிர் மேசைக்காரர் தொட்டு உலுக்கினார்.

பாட்டிலை மூடிக் கீழே வைத்தேன். தலைமை அம்மாவிடம் போய், "இது எனக்குத் தெரிஞ்ச தேன்" என்றேன். யாருடையது என்று அவர் கேட்கவில்லை. "மோந்தே கண்டுபிடிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார். பாட்டிலை எதிர் மேசைக்காரரிடம் கொடுத்துவிட்டார். அவர் எப்போதும் ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்பவர். அவர் அதைச் சோதித்து முடிக்கும்வரை நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அந்த முணுமுணுப்பு நின்றபோதெல்லாம் சுவரின் விரிசல்களை முதலிலிருந்து எண்ணினேன். என்ன முடிவு என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

உங்கள் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. தலைமை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும், எனக்கு வேறு வழியில்லை. நான் அந்த மேசையில் உட்கார்ந்து 'நல்லது' என்று எழுதினாலும் அந்த நல்லதை யார் நம்புவார்கள்?

முடிவு எதுவானாலும் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. இதை யாருக்கும் சொல்வேன், அதனால் உங்களுக்கும் சொல்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தெரியும் என்று அக்காவிடம் சொல்லாதீர்கள். எனக்குத் தெரியக்கூடாது என்றுதான் அவள் தனியாகச் சுமந்துகொண்டிருக்கிறாள். அது வீணாகப் போகவேண்டாம்.

தங்கள்,
மூக்கன்

•

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சளி இருக்கிறதா என்று கேட்டிருந்தேன், பதிலே இல்லை. உண்மையைச் சொல், மூக்கு அடைத்திருக்கிறதா? மணம் ஏதாவது தெரிகிறதா?

உன் அத்தான் கொஞ்ச நாளாக உம்மென்று இருக்கிறார். தபால்காரர் வந்தால் எனக்கு முன்னால் ஓடுகிறார். அந்த முழங்காலோடு ஓடுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

எனக்கு ஒரு கனவு வந்தது. பகலில்தான், கொட்டகையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டேன். நம் தேனீக்கள் எல்லாம் வரிசையாக மாடிப்படி ஏறிப்போகின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு எண். மேலே நீ உட்கார்ந்திருக்கிறாய். ஒவ்வொன்றையும் கூப்பிட்டு விசாரிக்கிறாய், அதுகள் உன்னைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நீயும் காட்டிக்கொள்ளவில்லை. நான் வாசலில் நின்றுகொண்டு, "அவனுக்குச் சளி, அவனுக்குச் சளி" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். விழித்தபோது வாய் உலர்ந்துபோயிருந்தது.

கனவை விடு. உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் அக்கா

•

மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படித்தான் தெரிந்துகொண்டாயோ! மூன்று வாரமாகப் பயங்கரச் சளி. மூக்கு இருக்கிறது, ஆனால் முகத்துக்கு அழகுக்காக மட்டும்தான். காபிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வகத்தில் எதைத் திறந்தாலும் எனக்குத் தண்ணீர் மாதிரிதான். எதிர் மேசைக்காரர் முகத்துக்கு நேரே வினிகரை நீட்டினார், "இது என்ன, பன்னீரா?" என்று கேட்டேன். ஆய்வகமே சிரித்தது.

ஆவி பிடிக்கிறேன், கஷாயம் குடிக்கிறேன், ஒன்றுக்கும் அசையவில்லை. ஆகவே நீ கவலைப்படாதே. அதாவது, சளிக்காகக் கவலைப்படாதே.

விடுமுறையாகையால் இன்று முழுக்கப் போர்வைக்குள்தான் இருந்தேன். வெளியே லேசான தூறல். கீழ்வீட்டு அம்மா ரொட்டியை மறுபடி கருக்கிவிட்டார், அந்தக் கருகல் சன்னல் வழியாக ஏறிவந்து என்னை எழுப்பிவிட்டது. எழுந்து உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

நீ கனவு கண்டது சரிதான். இங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. அத்தானிடம் நான் விசாரித்ததாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
மூக்கன்

•

ஜூன் 20

மாப்பிள்ளைக்கு,

நலம். உன் நலத்தை அந்தத் தலைமை அம்மாவிடம் விசாரித்துக்கொள்கிறேன், என் கடிதங்களெல்லாம் அங்கேதானே போகின்றன. இதையும் காட்டு. எனக்குக் கோபம்தான், மறைக்கத் தெரியாது.

முடிவு வந்துவிட்டது. தேனில் கரும்புச் சர்க்கரை இருக்கிறதாம். தேன் என்ற பெயரில் விற்கக்கூடாது.

கவர் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். உன் அக்கா பிரித்தாள். மேலே உள்ளதை ஒரு எழுத்துக்கூடப் படிக்கவில்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள் மாப்பிள்ளை! பாஸாகிவிட்டது என்று நினைத்து நானும் சிரித்தேன். அதற்கப்புறம்தான் நிதானமாக முதல் பக்கத்துக்கு வந்து படித்தாள். படித்துவிட்டு, "போச்சு" என்றாள்.

மேல்முறையீடு செய்வோம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். இன்னொரு பாட்டிலைப் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பட்டும், நாம் ஒரு சொட்டு கலக்கவில்லையே என்றேன். "நாம கலக்கலே. ஆனா சர்க்கரை இருக்கு" என்றாள். மறுநாள் குளித்துவிட்டு அவளே அதிகாரி அலுவலகத்துக்குப் போய், மழைக்காலத்தில் மேலடுக்கைக் கழற்றாமல் சர்க்கரைத் தண்ணீர் வைத்ததைச் சொல்லிவிட்டாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு, "கையால கலந்ததில்லைன்னு தெரியுதும்மா. ஆனா வாங்குறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றாராம். அபராதம் குறைவுதான். அடுத்த பருவத்துத் தேன் சோதனையில் தேறும்வரை லேபிள் ஒட்டக்கூடாது. கூட்டுறவுக் கடையில் பாட்டில்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தையல்காரர் தெருவில் என்னைக் கண்டால் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொள்கிறார்.

நீ சோதித்திருந்தாலும் இதே முடிவுதான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த முணுமுணுக்கிறவருக்கு இது ஒரு நம்பர். உனக்கு அப்படியில்லையே. நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய் என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. சளி என்று எழுதினாயாமே. அதைப் படித்த அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அந்த ஒன்றுக்காக உன்னை மன்னிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தான்

•

ஜூலை 9

என் அன்பான மூக்கனுக்கு,

சுகமா? இந்தத் தடவை விசாரிப்பை நீட்டவில்லை, நீ சுகம் என்று எனக்குத் தெரியும். சளியே பிடிக்காதவனுக்கு என்ன சுகக்கேடு வந்துவிடப் போகிறது?

ஏண்டா, மூன்று வாரமாக மூக்கு அடைத்தவனுக்குக் கீழ்வீட்டு ரொட்டி கருகியது எப்படித் தெரிந்தது? படித்துக்கொண்டே வந்தவள் அந்த வரியில் நின்றுவிட்டேன். திரும்பப் படித்தேன். பிறகு அடுப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், அழுதேன், எது முதலில் என்று ஞாபகமில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறாய். உன் மூக்கு உனக்கே அடங்காது என்பதை மறந்துவிட்டாய்.

நீ பொய் சொல்கிறாய் என்று தெரிந்ததும் உனக்குத் தேன் தெரிந்துவிட்டது என்று தெரிந்தது. உனக்குத் தெரிந்தால் நீ அதைக் கீழே வைத்திருப்பாய். மார்ச் மாதமே எழுதியிருந்தாயே. உன் சளிக் கடிதம் வந்த அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். சளி என்பதை நம்பிச் சாப்பிட்டேன் என்று உன் அத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.

இருந்தாலும் ஒரு துளி சந்தேகம் உள்ளே கிடந்தது. கவர் வந்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் பார்த்தேன். சோதித்தவர் கையெழுத்து. உன்னுடையது இல்லை. தேன் தேறியதா இல்லையா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான் மூக்கா. உன் கையெழுத்து இருந்து தேன் தேறியிருந்தால் நான் அந்த லேபிளை எந்த முகத்தோடு ஒட்டியிருப்பேன்? உன் கையெழுத்து இருந்து தேறாமல் போயிருந்தால் உனக்கு எப்படித் தூக்கம் வந்திருக்கும்?

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டேன். மேலடுக்கைக் கழற்றவில்லை. அந்தச் சாரலில் திறந்தால் குஞ்சுகள் விறைத்துவிடும் என்று மனசு வரவில்லை. உன் கடிதம் வந்தபோது காரியம் முடிந்துவிட்டது. அப்புறம் பூவும் வந்தது, சர்க்கரை கொஞ்சம்தானே, அதில் இது எங்கே தெரியப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மடியில் கனமில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் சொன்னபோது நிஜமாகவே நம்பித்தான் சொன்னேன். மயிரிழை கனம் இருந்திருக்கிறது. உன் இயந்திரத்துக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத்தான் தெரியவில்லை. மனசு ஆறவில்லைதான். லேபிள் கட்டை அலமாரியில் வைத்திருக்கிறேன், தூக்கிப் போடவில்லை. அடுத்த பருவத்தில் மறுபடி நோட்டீஸ் கொடுக்கட்டும், நாலு பாட்டில் எடுக்கட்டும்.

இந்தத் தேன் முழுவதையும் அடுத்த மழைக்குத் தேனீக்களுக்கே வைத்துவிடப் போகிறேன், மேலடுக்கைக் கழற்றிவிட்டு. அவர்கள் சாப்பாடு அவர்களுக்கே போகிறது. ஒரே ஒரு பாட்டில் மட்டும் உனக்கு அனுப்பியிருக்கிறேன். விற்பனைக்கில்லை. லேபிள் இல்லை, நூல் இல்லை, அரக்கு இல்லை. சர்க்கரை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

உன் அத்தானுக்கு ஒரு வரி எழுது. கோபம் ஆறிவிட்டது, கேட்டால் இல்லை என்பார்.

ஆரஞ்சுத் தோல் அனுப்பு. கையிருப்பு தீர்ந்துவிட்டது.

உன் அக்கா

•

ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சளி விட்டுவிட்டது.

அத்தானுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கூடவே முழங்காலுக்குத் தைலமும் அனுப்பியிருக்கிறேன். ஆரஞ்சுத் தோல் இரண்டு பை வருகிறது. ஒன்று என்னுடையது. இன்னொன்று தலைமை அம்மா கொடுத்தது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை, யாருக்கு என்றும் கேட்கவில்லை. "காயவச்சுட்டேன், அனுப்பிடு" என்றார்.

உன் பாட்டில் நேற்று வந்தது. அறைக்கு எடுத்துவந்து சன்னலோரம் உட்கார்ந்து மூடியைத் திருகினேன். வெள்ளைப் பூ, அதற்கு அடியில் அந்தப் புகை. நீ திரும்பிப் பார்த்து, இப்ப சரியாயிருச்சா என்று கேட்டாய். சரியாகிவிட்டது அக்கா.

வெளியே இருட்டும்வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை கீழே வைக்கவில்லை.

உன் தம்பி
மூக்கன்